கருவி வாங்கும் முன் ஆள் எடுங்கள்: பழங்குடி மொழிகளைப் பதிவுசெய்யப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் பழங்குடியினர் நலத்துறைக்கும், பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்தப் புறப்படும் பல்கலைக்கழகக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலியோரின் மொழி வளத்தையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த 2024-25 நிதிநிலை அறிக்கையில் 2 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று அது; மனதார வரவேற்கிறோம். அந்தப் பணமும், இதே வேலைக்கு இனி வரப்போகும் பணமும் எதில் செலவாக வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். கோரிக்கை ஒன்றுதான். பதிவுசெய்யும் மணிநேரத்தைக் குறையுங்கள். பதிவானதை எழுதிப் பொருள் விளக்கி முடிக்கிற வேலைக்கு அந்தந்தச் சமூகத்து இளைஞர்களைச் சம்பளத்துக்கு எடுங்கள்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறோம். எழுத்து வழக்கு இல்லாத மொழியில் 1 மணி நேரப் பேச்சைக் கேட்டு, வாக்கியம் வாக்கியமாக எழுதி, தமிழில் பொருள் எழுதி முடிக்க ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும். ஒவ்வொரு சொல்லையும் பகுதி, விகுதி என்று பிரித்து இலக்கணக் குறிப்பும் சேர்த்தால் 100 மணி நேரம்கூடப் பிடிக்கும். பேசியவரோ அவர் வயதொத்த இன்னொருவரோ பக்கத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு. அவர்கள் இல்லாமல் போய்விட்டால் 'இந்த இடத்தில் என்ன சொல்கிறார்?' என்று கேட்க ஆளில்லை. ஒலி இருக்கும், பொருள் இருக்காது. ஒலிநாடாக் காலத்தில் பதிவான எத்தனையோ மொழிகளுக்கு உலகெங்கும் நேர்ந்த கதி இதுதான்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் நீலகிரி மலையிலேயே உண்டு. மொழியியலாளர் எமனோ 1935-லிருந்து 1938 வரை தங்கி, கோத்தர், தோடர் மொழிகளைச் சொல்லச் சொல்லக் காகிதத்தில் எழுதினார். ஒலிப்பதிவுக் கருவியை நம்ப முடியாத காலம். வாக்கியத்தை எழுதிய கையோடு பொருளையும் கேட்டு எழுதியாக வேண்டியிருந்தது. கோத்தர் கதைகள் 1940-களில் அச்சாயின. தோடர் பாடல்கள் 1971-லும், தோடர் இலக்கணம் 1984-லும் வெளிவந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் குறிப்புகளிலிருந்து நூல் செய்ய முடிந்ததற்குக் காரணம், பொருள் அன்றைக்கே எழுதப்பட்டிருந்ததுதான். இன்று கையில் ஆயிரம் மடங்கு நல்ல கருவி இருக்கிறது. அந்த ஒரு பழக்கம் போய்விட்டது.

ஆகவே ஒரு மொழிக்கு 500 மணி நேரப் பதிவு என்று இலக்கு வைக்காதீர்கள். 50 மணி நேரம் போதும். 1 மணி நேரப் பதிவுக்கு 60 மணி நேர எழுத்து வேலை என்று வைத்தால் 3,000 மணி நேரம் வருகிறது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கூர்ந்து கேட்டு எழுதும் வேலையை ஒருவர் நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் செய்ய முடியாது. அதற்கு மேல் போனால் கேட்காததும் கேட்டதுபோல் தோன்றும். இருவர் உட்கார்ந்தால் 250 வேலை நாள். அதாவது ஒரு மொழிக்கு இரண்டு இளைஞர், ஓராண்டு முழுநேரச் சம்பளம். திட்ட மதிப்பீட்டில் முதல் வரியாக இது வரட்டும். கருவிகள் அதற்குப் பிறகு வரலாம்.

எழுதத் தெரிந்த இளைஞர் கிடைக்காத இடங்களும் இருக்கின்றன. அங்கே மீள்கூறல் முறை கைகொடுக்கும். முதல் பதிவை ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். மொழி நன்றாகத் தெரிந்த ஒருவர் அதே வாக்கியத்தை மெதுவாக, தெளிவாகத் திருப்பிச் சொல்வார். அடுத்து அதன் பொருளைத் தமிழில் வாயாலேயே சொல்வார். இரண்டையும் இன்னொரு கருவியில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பல்லில்லாத பாட்டியின் வேகப் பேச்சு, பாட்டின் இழுவை, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசியது எல்லாம் இந்த இரண்டாம் பதிவில் பிரிந்து விளங்கும். எழுத்து வேலையை அப்புறம் எங்கிருந்தும் செய்துகொள்ளலாம். ஒன்றே ஒன்று: முதல் பதிவு நடந்த அதே வாரத்தில் இதை முடித்துவிட வேண்டும்.

எழுதுவது என்றதும் எந்த எழுத்தில் என்ற கேள்வி வரும். தமிழ் எழுத்தில்தான் எழுதுவார்கள், பள்ளியில் கற்றது அது. ஆனால் தமிழ் எழுத்தை உள்ளபடியே எடுத்துக்கொண்டால் அந்த மொழியே தேய்ந்துவிடும். தோடர் மொழியில் 'ர' போன்ற உருளொலி மூன்று இடங்களில் பிறக்கிறது. ஒவ்வொன்றுக்கும் யகரம் தோய்ந்த இணை ஒலியும் உண்டு. ஆக ஆறு. 'ஸ', 'ஷ' போன்ற உரசொலிகள் நான்கு இடங்களில் பிறக்கின்றன. இருளர் மொழியில் தமிழில் இல்லாத நடுநாக்கு உயிர்கள் இருக்கின்றன. நரிக்குறவரின் வாக்ரிபோலி திராவிட மொழியே இல்லை, இந்தோ-ஆரிய மொழி; அதன் எழுத்துத் தேவைகள் வேறு. 'க' என்ற ஒரே எழுத்துக்குள் நான்கு ஒலியை அடைத்து எழுதினால், 20 ஆண்டு கழித்து அதைப் படிக்கும் பேரப்பிள்ளை தமிழ் உச்சரிப்பில்தான் படிக்கும்.

நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு வரி முறை. மேல் வரியில் தமிழ் எழுத்து. தமிழில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியோ கோடோ மேற்குறியோ சேர்த்து, எந்தக் குறி என்பதை அந்த ஊர்க்காரர்கள் கூடி முடிவுசெய்ய வேண்டும். கீழ் வரியில் மொழியியலாளரின் பன்னாட்டு ஒலிக்குறி. முதல் வரி ஊருக்கு, இரண்டாம் வரி ஆய்வுக்கு. குறிகள் ஐந்தாறுக்கு மேல் போனால் யாரும் எழுத மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். தட்டச்சு கட்டாயம் ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்கட்டும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் 20, 25 ஆண்டுக்கு முன் அடித்த கோப்புகளைத் திறந்து, எழுத்து சிதைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எழுத்தையும் ஒலியையும் நேரத்தோடு கோத்துவைக்க ஈலான் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு பதிவுக்குக் கீழே தமிழ் எழுத்தில் பேச்சு, ஒலிக்குறி, தமிழ்ப் பொருள், குறிப்பு என்று நான்கு அடுக்குகள் வைத்தால் எந்த வாக்கியத்தைச் சொடுக்கினாலும் அந்தக் குரல் கேட்கும்.

இனி, எப்படிக் கேட்பது. மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான்.

பையில் ஒரு சொற்பட்டியலோடு போய், 'இதுக்கு உங்க பாஷையில என்ன?' என்று ஒவ்வொன்றாகக் கேட்பது பழைய வழக்கம். 200 சொற்கள் கொண்ட அந்தப் பட்டியலில் உறைபனிக்கும் பனிக்கட்டிக்கும் சொல் கேட்டிருக்கும். மலைத்தேனீக்கும் கொம்புத்தேனீக்கும் தனித்தனிச் சொல் உண்டா என்று இருக்காது. கேள்வியைத் தமிழில் கேட்டால் விடையும் தமிழின் அச்சில்தான் விழும். பெரியவர்கள் மரியாதைக்காகத் தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் தட்டிக்கொட்டித் தந்துவிடுவார்கள். வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம். வருவது அந்தச் சொற்களை அடுக்கிய தமிழ் வாக்கியம். பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் நாள் ஒலிகளைப் பழகிக்கொள்ள உதவும். முதல் நாளோடு அதை மடித்து வைத்துவிடுங்கள்.

வெளியாள் எதிரில் உட்கார்ந்தாலே மொழி மாறிவிடுகிறது. கருவியைப் பேத்தியின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள். பேத்தி கேட்டால் பாட்டி தன் மொழியில்தான் சொல்வார். இன்னும் நல்லது, ஒரே வயதுடைய இருவரை உட்காரவைத்து ஒருவருக்கொருவர் பேசவிடுவது. ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக்கொடுப்பார், சண்டை வரும், 'அப்படிச் சொல்லக்கூடாது, இப்படி' என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில் கிடைக்கும் இலக்கணம் எந்த வினாத்தாளிலும் கிடைக்காது. ஆனால் படித்த இளைஞர்கள் பெரியவரை நடுவில் திருத்த விடாதீர்கள். இரண்டு முறை திருத்தினால் பெரியவர் வாயை மூடிக்கொள்வார், அன்று மட்டுமல்ல.

அறிவைத் தனியே உட்கார்ந்து சொல்லச் சொன்னால் வராது. வேலை நடக்கும்போதுதான் வாயில் வரும். தேன் எடுக்கும் முறையை வீட்டுத் திண்ணையில் கேட்டால் நான்கு வாக்கியத்தில் முடிந்துவிடும். பாறைக்குப் போகிற அன்று கூடப் போனால் கேள்விகள் தாமாக முளைக்கும். ஏணிக்கு எந்தக் கொடி, எத்தனை நாள் முன்பு வெட்டியது, முடிச்சின் பெயர் என்ன, புகைக்கு எந்த இலை, கயிற்றை மேலே பிடித்திருப்பவர் இறங்குபவருக்கு என்ன உறவு, அந்த உறவுதான் பிடிக்க வேண்டுமா, தேனீயிடம் என்ன பாடுகிறார்கள், கூட்டில் எந்தப் பகுதியை விட்டுவிட்டு வருகிறார்கள். ஆனால் பாறையில் தொங்குகிறவரிடம் ஒருபோதும் கேள்வி கேட்காதீர்கள். அப்போது படம் மட்டும் எடுங்கள். மாலையில் அந்தக் காணொளியை அவருக்கே போட்டுக்காட்டி, 'இப்போது என்ன செய்கிறீர்கள்?' என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். ஒரு 10 நிமிடப் படத்துக்கு 2 மணி நேரப் பேச்சு வரும். எங்களுக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல வழி இல்லை.

பெண்களிடம் தனியாகக் கேளுங்கள், பெண்களை வைத்தே கேளுங்கள். கோத்தரில் மண்பாண்டம் வனைவது பெண்கள், கொல்லுவேலை ஆண்கள். கொல்லனிடம் களிமண்ணைப் பற்றிக் கேட்டால் தோராயமான விடைதான் கிடைக்கும். கிழங்கு அகழ்வது, பேறுகாலம், கைக்குழந்தைக்கு மருந்து, தாலாட்டு என்று ஆண் ஆய்வாளர் மட்டும் போகும் பயணங்களில் விடுபடுவது மொழியின் பாதி.

பாட்டு தனி வகை. தோடர் பாடல்களின் மொழி அன்றாடப் பேச்சு இல்லை. இணை இணையாக வரும் கட்டுச் சொற்றொடர்களால் ஆனது. எருமைகளின் பெயர்கள், மந்துகளின் (தோடர் குடியிருப்புகளின்) பெயர்கள், குன்றுகளின் பெயர்கள் என்று குறிப்பால் ஓடும். பாடியவர் அன்று மாலையே உட்கார்ந்து விளக்காவிட்டால், மொழி தெரிந்த இளைஞருக்கும் பாதிதான் புரியும்.

தாவரப் பெயர் எடுக்கும்போது, 'ஒருவகைக் கொடி', 'காய்ச்சலுக்கான வேர்' என்று எழுதிவைத்த பக்கங்கள் எதற்கும் பயன்படுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் செடி முழுவதும் தெரியும் ஒரு படம், இலையின் மேற்புறம், அடிப்புறம், இலைகள் தண்டில் அமைந்த விதம், பூ, காய் என்று தனித்தனிப் படங்கள், அதோடு பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்திய மாதிரியும் தாவரவியலாளர் பார்த்துச் சொன்ன இனப்பெயரும் வேண்டும். பூக்காத காலத்தில் போனால் பெயர் உறுதியாகாது. மறுபடி போகத்தான் வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தோடர்கள் கோயில் கூரை வேய்வதற்கு உயர்மலைச் சதுப்பில் வளரும் ஒரு புல்லை வெட்டுகிறார்கள். யூக்கலிப்டஸும் சீகையும் தேயிலையும் வந்து சதுப்புகள் வற்றிய இடங்களில் அந்தப் புல் இல்லை. புல் இல்லாத இடத்தில் அதை அறுக்கும், கட்டும், வேயும் சொற்களைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லித்தருவது? மொழித் திட்டத்தில் ஒரு சதுப்பை மீட்கும் செலவு இருந்தால், தணிக்கையாளர் கேள்வி கேட்கும்போது இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

ஒலியின் தரத்துக்கு வருவோம். மேலே சொன்ன தோடர் மொழியின் நான்கு உரசொலிகளும் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதில் உயர் அதிர்வெண் ஒலிப்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. சாதாரணத் தொலைபேசி அழைப்பு 3,400 ஹெர்ட்ஸோடு வெட்டிவிடுகிறது. எம்பி3-யும் வாட்ஸாப் குரல் செய்தியும் அளவைச் சுருக்குவதற்காக நுணுக்கங்களைத் தூக்கி எறிகின்றன. கைப்பேசியின் இரைச்சல் நீக்கும் வசதி உரசொலியையே இரைச்சல் என்று எண்ணி அழிக்கிறது. தமிழ்ப் பேச்சுக்கு அது போதுமானதாகத் தோன்றும். தோடர் மொழிக்கு அது நான்கு ஒலியை இரண்டாக்கிவிடும். ஆகவே சுருக்காத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இரண்டு தடத்தில் 1 மணி நேரத்துக்கு 1 ஜிபிக்குச் சற்று மேலே வரும். 50 மணி நேரம் முழுவதும் ஒரு சிறிய நினைவட்டையில் அடங்கிவிடும், ஆகவே இடம் போதாது என்று சுருக்கத் தேவையே இல்லை.

தானியங்கி ஒலியளவு வசதியை அணைத்துவிடுங்கள். பேசுகிறவர் மூச்சு விடும் நேரத்தில் அது பின்னணி இரைச்சலைத் தூக்கிவிடும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். எருமையைக் கூப்பிடும் குரலைப் பதியும்போது இன்னும் இறக்க வேண்டும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரில் இல்லாமல் சற்று ஓரமாக இருக்கட்டும். மலையில் காற்றுக்கு வெறும் நுரைப்பஞ்சு உறை போதாது, மயிர் உறை வேண்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்று பதிவை விட்டுவிடுங்கள். எந்த மென்பொருளும் அதைக் கழுவித்தராது. பதிவு தொடங்கியதும் தேதி, ஊர், பேசுபவர், மொழி ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும், தாள் தொலைந்தாலும், அந்தக் குரல் உள்ளே இருக்கும். 45 நிமிடத்துக்கு ஓர் இடைவேளை விடுங்கள். 70 வயதைத் தாண்டியவருக்கு ஒரு நாளைக்கு அப்படி இரண்டு அமர்வு போதும். அமர்ந்த நேரத்துக்குக் கூலி உண்டு. திறன்மிகு தொழிலாளர் கூலிக்குக் குறையாமல், அன்றைக்கே, கையில். சால்வை போடுவதைக் கூலியாகக் கணக்கு வைக்காதீர்கள்.

மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். அந்த மூன்றில் ஒன்று அந்த ஊரிலேயே, மூப்பர் குடும்பத்திலோ ஊர்ப் பள்ளியிலோ, இணையம் இல்லாமல் கேட்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். திட்டம் முடிந்து 5 ஆண்டு கழித்துத் திறந்து சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரளவில் இல்லாமல் பதவியளவில் எழுதிவையுங்கள்.

உரிமை பற்றிப் பேசும்போது காணிகளின் வரலாறு கண்முன் இருக்கட்டும். 1987-ல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள் களைப்பு தீரத் தின்றது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காய். அந்தச் செடியிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995-ல் அதைத் தயாரிக்க உரிமம் கொடுத்தபோது வரும் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-ல் அதற்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். உலகெங்கும் நல்ல முன்னுதாரணமாகப் பேசப்பட்டது இது. அப்படியிருந்தும், அறிவு எல்லாக் காணிகளுக்கும் பொது, சிலரிடம் மட்டும் கேட்டுவிட்டுச் சொன்னது தவறு என்ற மனக்குறை அவர்களுக்குள்ளேயே எழுந்தது. பணப்பங்கீட்டை நினைத்தவர்கள்கூட முதலில் யாரிடம் கேட்பது என்பதில் தடுமாறினார்கள் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு, மரபறிவின் மீது சமூகத்துக்குள்ள அறிவுசார் சொத்துரிமையை ஏற்கிறது. எனவே தனியாள் ஒப்புதலுக்கு முன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவதை ஒப்புதல் என்று ஏற்காதீர்கள். எதைப் பதிகிறோம், எங்கே வைப்போம், யார் கேட்பார்கள், பிறகு வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது என்பதை அவர்கள் மொழியில் சொல்லி, அவர் சொல்லும் விடையையும் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நிலைகளில் ஒன்று இருக்கட்டும்: எல்லோரும் கேட்கலாம், அந்தச் சமூகத்தார் மட்டும் கேட்கலாம், குறிப்பிட்ட குடும்பமோ பூசகரோ மட்டும் கேட்கலாம். மருந்துச் செடியின் இடம், அளவு, சேர்மானம் ஆகியவை முதல் நிலைக்குப் போகவே கூடாது. சாவுச் சடங்கின் பாட்டு எந்த நிலை என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்லாத குடும்பங்களில், பேசியவர் இறந்த பிறகு அவர் குரலை ஓராண்டு நிறுத்திவைக்கச் சொன்னால் நிறுத்திவையுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு சொல். 1961-ல் 1,652 தாய்மொழிகள் பட்டியலில் இருந்தன. 1971 முதல் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியே வெளியிடுவதில்லை. 2011-ல் 121 மொழிகள்தான் பட்டியலில். தோடர் மொழியும் கோத்தர் மொழியும் அந்த வாசலைத் தாண்டவே முடியாது. இருளர் மொழியைத் தமிழின் கீழும், குறும்ப மொழியைக் கன்னடத்தின் கீழும் சேர்த்துவிடுகிறார்கள். 2027 கணக்கெடுப்புக்குப் போகும் பணியாளர்கள், 'தமிழ்தானே?' என்று கேட்டுத் தாமே நிரப்பாமல், வீட்டார் சொல்லும் பெயரை அப்படியே எழுத வேண்டும் என்ற ஓர் அறிவுறுத்தல் பழங்குடிப் பகுதிகளுக்குத் தனியாகப் போகட்டும். இதற்குச் செலவே இல்லை.

இவற்றைத் தமிழின் கிளைகள் என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. நாம் 'செவி' என்கிறோம். கோத்தர் 'கெவ்' என்கிறார்கள், கன்னடத்தில் 'கிவி'. மூலத்தில் இருந்தது ககரம். தமிழ் அதைச் சகரமாக மாற்றிக்கொண்டது, கோத்தர் மொழி மாற்றவில்லை. தமிழின் தொன்மையைத் தேடுகிறவர்கள் கீழே தோண்டுகிற அதே அக்கறையோடு கோத்தர் ஊரான கோக்காலுக்கும் போய்க் கேட்க வேண்டும்.

பதிவு எவ்வளவு செய்தாலும், பேசும் பிள்ளை இல்லாவிட்டால் மொழி பெட்டிக்குள்தான். ஐந்து வயதில் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போகும் குழந்தை, ஆண்டில் பெரும்பகுதி வீட்டு மொழியைக் கேட்பதே இல்லை. நியூசிலாந்தின் மாவோரிகள் 1982-ல் மழலையர் கூடங்களைத் தொடங்கியபோது பாடத்திட்டம் எழுதவில்லை. பாட்டிமார் அங்கே உட்கார்ந்து மாவோரி மட்டும் பேசினார்கள், அவ்வளவுதான். ஒடிசா 2007 வாக்கில் 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. நம்மிடம் அங்கன்வாடி ஏற்கெனவே இருக்கிறது. பழங்குடிக் குடியிருப்பான ஒவ்வொரு பதியிலும் மந்திலும் நாளுக்கு 3 மணி நேரம் தம் மொழியில் மட்டும் பேச ஒரு பெரியவரை மதிப்பூதியத்துக்கு அமர்த்துங்கள். கதை, சமையல், தோட்டம், திட்டுவது எல்லாம் அந்த மொழியில். எழுத்து கற்பிக்கச் சொல்லாதீர்கள்.

வளர்ந்தவர்களுக்குக் கலிபோர்னியப் பழங்குடிகள் 1990-களில் உருவாக்கிய முறை பொருந்தும்: ஒரு பெரியவர், ஓர் இளையவர், வாரம் 10 முதல் 20 மணி நேரம், மூன்று ஆண்டு. பாடம் இல்லை, சேர்ந்து வேலை செய்வது, அந்த மொழியில் மட்டும் பேசுவது. இருவருக்கும் சம்பளம். எழுத்து வேலைக்கு எடுத்த அதே இளைஞர்களை இந்த இணைகளில் சேர்த்துவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாக நடக்கும். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வேட்டைத் திறமைக்கு நஞ்செடுக்கும் கூலி தந்தது. பாம்பின் தடம் பார்க்கும் அறிவு இன்றும் கைமாறிக்கொண்டிருப்பதற்கு அந்தக் கூலி ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய ஒரு வரியை எழுதியே தருகிறோம்: 'இறுதித் தவணை, பதிவுசெய்த மணிநேரத்தைக் கொண்டு கணக்கிடப்படாது, எழுதி, பொருள் விளக்கி, பேசியவரிடமோ ஊர் மூப்பரிடமோ ஒலிக்கவிட்டு வாசித்துக்காட்டி, சரி என்று ஏற்கப்பட்ட மணிநேரத்தைக் கொண்டே விடுவிக்கப்படும்.' இந்த வரி இருந்தால், முன்னே சொன்னவற்றில் பாதியைக் குழுக்கள் தாமாகவே செய்யத் தொடங்கும். ஏற்கெனவே பதிவாகி எழுதப்படாமல் கிடக்கும் நாடாக்களுக்கும் இதையே பொருத்துங்கள்; அவற்றில் பேசியவர்களில் யார் இன்று இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
பழங்குடி மொழிப் பதிவு வேலையில் இருப்போர்